மூச்சை எங்கே விடுகிறீர்கள்?

நீந்தத் தெரியும் என்று கூறிக்கொள்வோர் நம்மிடையே பலர். இளமையில் கிணற்றிலோ குளத்திலோ விழுந்து, கையும் காலும் அடித்துக் கரையேறக் கற்றவர்கள் அவர்கள். நாமும் அந்த வகுப்பைச் சேர்ந்தவரே. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, மேலே நின்ற சிற்றப்பாவின் அதட்டலுக்கு அஞ்சி, கமலைக் கிணற்றில் குதித்துக் கற்ற நீச்சல் நம்முடையது. ஒருமுறை கற்றால் சாகும்வரை மறவாதது நீச்சல் என்பார்கள், அஃது உண்மையே. ஆயினும் மறவாதிருப்பது வேறு, அந்த நீச்சலைக் கொண்டு நாள்தோறும் அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்வது வேறு. இவ்வேறுபாடு 61ஆம் வயதில் நமக்குப் பெரும் பிரச்சினையாக வந்து நின்றது.

இரு முழங்கால்களிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் மருத்துவர். நெடுந்தூரம் நடத்தல் ஆகாது. படியேறுதலைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமோ உடலுழைப்பு கட்டாயம் வேண்டும். நடக்கவும் கூடாது, நடவாமல் இருக்கவும் கூடாது என்னும் இந்த இக்கட்டிற்கு அவர் கண்ட வழி நீச்சல். நீரில் உடலின் பாரம் மூட்டுகளின்மேல் இறங்குவதில்லை. இதயத்திற்கும் நுரையீரலுக்கும் மட்டும் நல்ல வேலை கிடைக்கும். “உங்களுக்குத்தான் நீந்தத் தெரியுமே, பிறகென்ன?” என்று கூறிப் பேனாவை மூடினார். நமக்கு எஞ்சியிருந்த உடற்பயிற்சி அது ஒன்றே. அதுவும் கைகூடாவிட்டால் திண்ணையும் மாத்திரைப் பெட்டியுமே கதி என்று எண்ணியவாறே வீடு திரும்பினோம்.

மாவட்ட விளையாட்டரங்கத்தின் நீச்சல் குளம் 50 மீட்டர் நீளமுடையது. நமது ஊர்க் கிணறோ குறுக்கே இருபதடி. கிணற்று நீச்சலில் தலை எப்போதும் நீருக்கு மேலேயே இருக்கும். கண் படிக்கட்டைத் தேடும். ஆறேழு கைவீச்சில் கல் கைக்கு எட்டிவிடும். மூச்சைப் பற்றி எண்ண வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. இங்கோ பாதித் தூரம் செல்வதற்குள் நெஞ்சு அடைத்தது, தோள்கள் கனத்தன, கால்கள் கல்லைக் கட்டியதுபோல் கீழ்நோக்கி இழுத்தன. தடங்களைப் பிரிக்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு நின்றோம். பக்கத்துத் தடத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மூன்றாம் முறையாக நம்மைக் கடந்து சென்றான். அவனுக்கு மூச்சு வாங்கியதாகவே தெரியவில்லை. வலிமையில் நம்மில் பாதியும் இல்லாத அப்பிள்ளையிடம் இருந்து, நம்மிடம் இல்லாதது எது?

அவன் நீந்தியது பிரீஸ்டைல். பெயரின் பொருளை நோக்கின் அது ஒரு தனி நீச்சல் முறையே அன்று. பிரீஸ்டைல் பந்தயத்தில் அவரவர் விரும்பிய முறையில் நீந்தலாம் என்பதே விதி. ஆயினும் அனைவரும் ‘கிரால்’ முறையையே தேர்ந்துகொள்கின்றனர். அதனினும் விரைவான முறையொன்று மனிதனுக்கு இன்னும் கிட்டவில்லை என்பதே காரணம். கவிழ்ந்து படுத்து, கைகளை மாறிமாறி நீருக்குமேல் வீசி முன்னே நுழைத்து, கால்களை மேலும் கீழும் அசைத்துச் செல்லும் இம்முறை ஐரோப்பியர் கண்டுபிடித்ததன்று. 1844இல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் இலண்டன் மாநகரில் இவ்வண்ணம் நீந்திக் காட்டினர். தவளை நீச்சலே நாகரிகமானது என்று நம்பியிருந்த ஆங்கிலேயர்க்கு அது காற்றாலை சுழல்வதுபோல் தோன்றிற்றாம்! 1873இல் ஜான் டிரட்ஜன் என்பவர் தென் அமெரிக்காவில் தாம் கண்ட கைவீச்சை இங்கிலாந்தில் அறிமுகம் செய்தார். ஆனால் கால்கள் கத்தரிக்கோல்போல் விரிந்து மூடும் பழைய முறையையே பின்பற்றின. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில், சாலமன் தீவுகளிலிருந்து சிட்னி நகருக்கு வந்திருந்த அலிக் விக்கம் என்னும் இளைஞராலும், அவ்வூர்க் கேவில் குடும்பத்து உடன்பிறந்தார்களாலும் இன்றைய கிரால் அங்கு உருப்பெற்றது. தீவுவாசிகளும் பழங்குடியினரும் பன்னெடுங்காலம் அறிந்திருந்ததை உலகம் தாமதமாகவே கற்றுக்கொண்டது.

திரையில் டார்சானாக நடித்த ஜானி வைஸ்முல்லரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூறு மீட்டரை ஒரு நிமிடத்திற்குள் நீந்திய முதல் மனிதர் அவரே, ஆண்டு 1922. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 59.0 விநாடியில் அத்தூரத்தை வென்றார். சரியாக நூறாண்டுகள் கழித்து, 2024இல், அதே பாரிஸ் மாநகரில் சீனாவின் பான் ஜான்லே 46.40 விநாடியில் வென்று உலக சாதனை படைத்தார். மனிதனின் கைகால்கள் நூறாண்டுகளில் நீண்டுவிடவில்லை. குளங்கள் மேம்பட்டன, பயிற்சி நேரம் பெருகிற்று, உணவும் உடையும் மாறின என்பனவெல்லாம் மெய்யே. ஆனால் நீரினூடே உடலை எப்படிச் செலுத்துவது என்ற அறிவு வளர்ந்ததும் ஒரு பெருங்காரணம். நமது முழங்காலுக்குத் தேவைப்பட்டது இந்த அறிவில் ஒரு சிறு துளி.

நிற்க. நீரின் இயல்பைச் சற்று நோக்குவோம். நீர் காற்றைப்போல் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியுடையது. நீந்துபவன் தன் வேகத்தை இருமடங்காக்க முயன்றால், நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது; அதற்கெனச் செலவிட வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்கை எட்டுகிறது. ஆகவே வெறும் உடல்வலிமையை நம்பி வேகத்தைக் கூட்டுவது நட்டமான வாணிகம். எதிர்ப்பைக் குறைத்தவனுக்கோ அதே ஆற்றல் நெடுந்தூரம் கைகொடுக்கிறது. 1994இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது தமிழகமே வியந்தது. அவ்வயதுப் பிள்ளையின் தோளில் எவ்வளவு வலிமை இருந்திருக்க முடியும்? 1971இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே கடலைப் போகவும் வரவும் 51 மணி நேரம் நீந்திக் கடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கைவீச்சு ஒவ்வொன்றிலும் சிறிது வீணானாலும் அத்தகைய தூரத்தை எவராலும் கடக்க இயலாது.

பயிற்சியாளரிடம் சேர்ந்தோம். முப்பது வயதிருக்கும், பல்கலைக்கழக அளவில் நீந்தியவர். முதல் மூன்று நாட்கள் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நாம் நீந்த, அவர் குளத்தின் விளிம்பில் கூடவே நடந்துவருவார். சில வேளை மண்டியிட்டு நீர்மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பார். கட்டணம் வாங்கிக்கொண்டு சும்மா நடக்கிறாரே என்று நமக்குச் சிறிது மனத்தாங்கல். நான்காம் நாள் கேட்டார்: “ஐயா, மூச்சை எங்கே விடுகிறீர்கள்?”

எங்கே இழுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் விடை எளிது. எங்கே விடுகிறோம் என்பதற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. நீந்திப் பார்த்துவிட்டுச் சொன்னோம்: “தலையை வெளியே எடுத்தபின் விட்டுவிட்டு, பிறகு இழுக்கிறோம், தம்பி.” அவர் புன்னகை செய்தார். “அதற்கு நேரம் போதாது, ஐயா. முகம் வெளியே இருப்பது ஒரு விநாடிகூட இல்லை. அதில் விடுவதும் இழுப்பதும் இரண்டும் நடக்காது. விடுவதை நீருக்குள்ளேயே முடித்துவிட்டு, இழுக்க மட்டும் வெளியே வாருங்கள்.”

இதில் பொதிந்துள்ள உடலியல் உண்மை சுவையானது. மூச்சை அடக்கியிருக்கும்போது நமக்கு உண்டாகும் தவிப்பிற்குப் பெரும்பாலும் உயிர்க்காற்றின் குறைவு காரணமன்று. வெளியேறாமல் இரத்தத்தில் சேரும் கரியமிலக் காற்றே காரணம். பழைய காற்று நெஞ்சில் நிறைந்திருக்கையில் புதுக்காற்று எங்கே நுழையும்? நிறைந்த பானையில் மேலும் நீர் ஊற்றிய கதைதான். ஐம்பது மீட்டரில் நமது நெஞ்சை அடைத்தது காற்றின் பஞ்சமன்று, காற்றின் தேக்கம்!

ஆகவே நீச்சலை நிறுத்திவிட்டு மூச்சு கற்றோம். ஆழமற்ற பகுதியில், விளிம்பைப் பற்றி நின்று, முகத்தை நீருள் ஆழ்த்தி, மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாய்க் காற்றை விடுவது, பின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு வாய்க் காற்றைப் பருகுவது, மீண்டும் ஆழ்த்துவது. இதையே ஒரு வாரம் செய்தோம். நமக்கு இடப்புறம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியும் அதையே செய்துகொண்டிருந்தாள். நம்மைவிட நன்றாகவே செய்தாள். அவளுடைய தாயார் மேலிருந்து நம்மைப் பார்த்த பார்வையில் இரக்கமா நகைப்பா என்று தெரியவில்லை. என் செய்வது! நரைத்த தலையோடு குமிழி விடக் கற்பவனுக்கு இவற்றையெல்லாம் பார்த்தால் ஆகாது.

தலையை நிமிர்த்தாமல் திருப்புவது எப்படி என்பது அடுத்த பாடம். நீந்துபவனின் தலை நீரைக் கிழித்துச் செல்கையில் அதன் முன்னே ஒரு சிறு அலை எழுகிறது. அந்த அலையின் பின்னே, கன்னத்தின் அருகில், நீர்மட்டம் சற்றுப் பள்ளமாகிறது. அப்பள்ளத்தில் வாய் காற்றைப் பெற்றுக்கொள்ளலாம். ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்க, மறு கண்ணும் வாயின் ஓரமும் மட்டும் வெளியே வந்தால் போதும். கேட்பதற்கு இனிது, நம்புவதற்குத்தான் அரிது. நீர் வாய்க்குள் புகுந்துவிடும் என்று உடல் அஞ்சுகிறது. அச்சத்தால் தலை நிமிர்கிறது. தலை நிமிர்ந்த கணமே இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. நுரையீரல் காற்று நிரம்பிய மிதவையாதலால், நெஞ்சை நடுவாகக் கொண்டு உடல் ஏற்றப்பலகைபோல் ஆடுகிறது. ஒரு முனையில் தலையை உயர்த்தினால் மறுமுனை தாழாமல் என்ன செய்யும்? தாழ்ந்த கால்களை இழுத்துக்கொண்டு நீந்துவது, மேட்டில் மூட்டைவண்டி தள்ளுவதற்கு ஒப்பு. கண்களைக் குளத்தின் அடித்தளத்துக் கருங்கோட்டின்மேல் வைக்கச் சொன்னார் பயிற்சியாளர். தலை தாழ்ந்தது, இடுப்பு எழுந்தது, கால்கள் தாமாக மிதந்தன. நாற்பதாண்டுகளாக நம்மைக் கீழ்நோக்கி இழுத்த அந்தக் கல் எங்கே போயிற்றென்று வியந்தோம்.

கால்களைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை, கூறினால் நகைப்பீர்கள். மிதவைப் பலகையைக் கைகளில் பிடித்துக் காலை மட்டும் அடித்துச் செல்லும் பயிற்சியில், நாம் எவ்வளவு அடித்தும் இருந்த இடத்திலேயே இருந்தோம். ஒரு கட்டத்தில் சிறிது பின்னோக்கியும் சென்றதாகப் பயிற்சியாளர் சத்தியம் செய்கிறார். முழங்கால் மடங்கி மிதிவண்டி மிதிப்பதுபோல் அசைந்ததும், கணுக்கால் இறுகி, பாதம் கொக்கிபோல் நின்றதும் காரணங்கள். அடி இடுப்பிலிருந்து பிறக்க வேண்டும்; பாதம் பின்னோக்கி நீண்டு தளர்ந்திருக்க வேண்டும். நெடுந்தூர நீச்சலில் கால்கள் உடலைச் சமன்செய்தால் போதுமாம். நமது முழங்காலுக்கும் அதுவே உகந்ததாயிற்று.

கைகளின் கதை வேறு. வலக்கையை நேரே முன்னே நுழைத்து, நேரே பின்னே இழுக்கிறோம் என்று உள்ளங்கை அறியும் அளவிற்கு உறுதியாக இருந்தோம். ஒருநாள் பயிற்சியாளர் தம் கைப்பேசியை நீர்புகாத உறையிலிட்டு, நீருள் அமிழ்த்திப் படம் பிடித்துக் காட்டினார். படத்தில் நீந்துபவரின் கை தலைக்கு முன்னே குறுக்கிட்டு மறுபக்கம் போயிற்று. முழங்கை முதலில் தாழ, கை நீரைப் பின்னே தள்ளாமல் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. “இது யார், தம்பி?” என்று கேட்டுவிடத் தோன்றிற்று. கால்சட்டை நம்முடையது!

நீந்துபவன் தன்னைத் தான் காண இயலாது. நடப்பவன் தன் நிழலையேனும் காண்கிறான். நாட்டியம் கற்பவர்க்குக் கண்ணாடி உண்டு. பாடுபவன் தன் குரலைக் கேட்கிறான். நீந்துபவனுக்கோ உடல் சொல்லும் சேதி ஒன்றே ஆதாரம். அச்சேதியும் பல நேரங்களில் பொய்யாகிறது. இது நம்மைப் போன்ற முதியோர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன், சிறந்த வீரர்கள் நீந்துவதை நீருக்கடியில் இருந்து படம் பிடித்தார். அவர்கள் நீட்டிய கையால் துடுப்புப்போல் இழுக்கவில்லை, முழங்கையை மடித்தே இழுக்கின்றனர் என்பதைப் படங்கள் காட்டின. 1968இல் வெளிவந்த அவரது நூல் நீச்சற் பயிற்சியின் போக்கையே மாற்றிற்று. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர். கை நீருக்குள் வளைந்து வளைந்து செல்வதைக் கண்ட கவுன்சில்மன், விமானத்தின் இறக்கை காற்றில் உயர்வதுபோல் அவ்வளைவே உந்துவிசை தருகிறது என்று விளக்கினார். பின்வந்த ஆய்வாளர்கள் அவ்விளக்கத்தை முழுதும் ஏற்கவில்லை. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து நீரைப் பின்னோக்கித் தள்ளுவதே முதன்மையான விசை என்று இன்று பலரும் கற்பிக்கின்றனர். விளக்கம் மாறியது, ஆனால் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற அவரது வழி நிலைத்துவிட்டது. நமது சிற்றூர்க் குளத்தில் ஒரு கைப்பேசி செய்த வேலை அதுதான். அதே கவுன்சில்மன் 1979இல், தமது 58ஆம் வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்று பயிற்சியாளர் கூறியபோது நமக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

படத்தில் கண்ட குறைகளை விரல்விட்டு எண்ணினால் ஏழெட்டு இருக்கும். பயிற்சியாளர் எடுத்துக்கொண்டதோ ஒன்று. “இந்த இரண்டு வாரம் முழங்கை மட்டும், ஐயா. மற்றவை எப்படிப் போனாலும் போகட்டும்” என்றார். நல்ல பயிற்சியாளரின் திறமை இதில்தான் இருக்கிறது என்பது நமது கருத்து. பத்துக் குறைகளைக் கண்டுபிடிக்கக் கூர்ந்த கண் போதும். எதை முதலில் திருத்தினால் மற்றவற்றுள் மூன்று தாமாக மறையும் என்று அறிவதற்கு அனுபவம் வேண்டும். மூச்சைத் திருத்தியதும் தலை தாழ்ந்தது, தலை தாழ்ந்ததும் கால் எழுந்தது அல்லவா? இதற்கு மாறாக, விளிம்பில் நின்று ‘கையை நீட்டு, காலை அடி, தலையைத் தாழ்த்து’ என்று ஒரே மூச்சில் கத்துவோரையும் அதே குளத்தில் காண்கிறோம். நீருக்குள் காது கேட்பதில்லை என்பது பிள்ளைகள் செய்த புண்ணியம்! நிறுத்துகடிகாரத்துடன் வந்து, ஆறு வயது மகனின் விநாடிகளைக் கணக்கிடும் தந்தையரும் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. வடிவம் அமையுமுன் வேகத்தைக் கேட்டால், குறைகளே விரைவாகப் பழகிப்போகும்.

பயிற்சி என்பதும் எண்ணிக்கையைப் பெருக்குவதன்று. முழங்கைக்கு நமக்குக் கிடைத்த பயிற்சிகளுள் ஒன்று, கைகளை முட்டியாக மூடிக்கொண்டு நீந்துவது. உள்ளங்கை இல்லாதபோது முன்கையால் நீரைப் பற்ற உடல் தானே கற்றுக்கொள்கிறது. பின் விரல்களை விரித்ததும் பெரிய துடுப்பொன்று கைக்கு வந்ததுபோல் இருக்கிறது. மற்றொன்று, ஒரு கை முன்னே நீண்டு காத்திருக்க, மறுகை வந்து அதைத் தொட்ட பின்னரே அடுத்த வீச்சைத் தொடங்குவது. இவற்றை மிக மெதுவாகச் செய்ய வேண்டும். 1992இலும் 1996இலும் 50 மீட்டர், 100 மீட்டர் பிரீஸ்டைல் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அலெக்சாண்டர் போப்போவ்கூட, தம் பயிற்சியாளர் துரெட்ஸ்கியின் சொற்படி, மெதுவான நீச்சலில் வடிவத்தைக் காப்பதற்கே நெடுநேரம் செலவிட்டவர். மெதுவாக நீந்துவது நமக்கு இயல்பாகவே கைவந்த கலையாதலால், இந்த ஓர் அம்சத்தில் போப்போவுக்கும் நமக்கும் வேறுபாடில்லை.

ஒவ்வொரு நீளத்திற்கும் கைவீச்சுகளை எண்ணிக் குறித்துவைக்கச் சொன்னார். முதல் மாதம் 50 மீட்டருக்கு 64 வீச்சுகள். மூன்றாம் மாதம் 58. பின் இரு மாதங்கள் எண் அசையவே இல்லை. இரவில் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துச் சலித்துக்கொண்டதுண்டு. “அப்பா கணக்கு எழுதுவது மளிகைக் கடைக்காரர்போல் இருக்கிறது” என்று மகள் கேலி செய்தாள். முழங்கை படிந்தபின் 52 ஆயிற்று. எட்டாம் மாத இறுதியில் 47. அரை நீளத்தில் கயிற்றைப் பற்றிய நாம் இன்று 600 மீட்டரை நிற்காமல் நீந்துகிறோம். வேகத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அந்தப் பத்து வயதுச் சிறுவன் இன்றும் மும்முறை கடந்தே செல்கிறான்.

இதற்கிடையே ஒன்று சொல்ல வேண்டும். நாம் குதித்த கமலைக் கிணறு வற்றிப் பல ஆண்டுகளாகின்றன. ஆழ்துளைக் குழாய்கள் வந்தபின் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் பலவற்றிற்கும் அதே கதி. அவற்றோடு சிற்றப்பாமார்களின் நீச்சற்பள்ளியும் மூடப்பட்டது. இன்று நகரத்துப் பிள்ளைகளுள் குளத்திற்குக் கட்டணம் கட்டக்கூடியவரே நீந்தக் கற்கின்றனர். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் பல. கோடை விடுமுறையில் ஆற்றில் குளிக்கச் சென்ற பிள்ளைகளைப் பற்றிய செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். அவர்களுள் சிறிது நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. தலையைத் தூக்கிக் கைகால்களை அடித்து இருபதடி செல்லத் தெரிந்த நீச்சல், ஓடும் ஆற்றில் சில நிமிடங்களில் மூச்சைத் தின்றுவிடுகிறது. நீருக்குள் மூச்சை விடவும், கை ஓய்ந்தபோது மல்லாந்து மிதக்கவும் பழகியவர்க்குக் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்வரை தாங்கும் வாய்ப்பு மிகுதி. பத்து நாளில் கற்பிக்கக்கூடியவை இவை. நமது பேத்தி வரும் மே மாதம் குமிழி விடத் தொடங்குகிறாள். அவளுடைய பாட்டியும் மகளிர்க்குரிய காலை நேரத்தில் உடன் செல்ல இசைந்திருக்கிறாள்.

முழங்கால் குணமாகவில்லை, தேய்ந்த குருத்தெலும்பு நீச்சலால் மீண்டும் வளர்வதில்லை என்று மருத்துவர் முதலிலேயே கூறியிருந்தார். ஆனால் சென்ற முறை சர்க்கரைக்குரிய மாத்திரைகளுள் ஒன்றைப் பாதியாக்கினார். படிகளில் ஏறும்போது கைப்பிடி இன்னும் தேவைப்படுகிறது; ஏறியபின் மூச்சிரைப்பதில்லை.

இனிக் கற்க வேண்டியது இடப்பக்கம். இதுவரை வலப்பக்கமே திரும்பி மூச்சிழுத்ததால் வலத்தோள் மட்டும் உழைக்கிறது என்றும், இடக்கை இன்னும் நடுக்கோட்டைக் கடந்து குறுக்கே போகிறது என்றும் பயிற்சியாளர் சொல்கிறார். மூன்று வீச்சுக்கு ஒருமுறை இருபுறமும் மாறிமாறித் திரும்ப வேண்டுமாம். திங்கட்கிழமை தொடங்கினோம். இடப்பக்கம் திரும்புகையில் அந்தப் பள்ளம் இன்னும் அகப்படவில்லை. குளோரின் நீர்தான் அகப்படுகிறது. குறிப்பேட்டில் எண் மறுபடியும் 55க்கு ஏறிவிட்டது.